பெட்டகத்தின் படமும் மூன்று சிவப்புக் கோடுகளும்

என் படத்தைப் புகழ்ந்தவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்றைக்கும் தீரவில்லை. திட்டினவர்களை மறந்துவிட்டேன். "பொம்பளப் பிள்ளைக்குப் பென்சில் என்னத்துக்கு?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் முகம்கூட நினைவில் இல்லை. ஆனால் அந்தப் படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, "கொள்ளாமே! கொள்ளாமே!" என்று மெச்சிச் சப்புக்கொட்டினார்களே, அந்த முகங்கள் ஒன்றுகூட மறக்கவில்லை. வாயில் வருவதையெல்லாம் எழுதினால் யாரும் அச்சடிக்க மாட்டார்கள். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் வரைந்தது என் அம்மை பிறந்த வீட்டுப் பெட்டகத்தை. இப்போது பெட்டகம் என்றால் பிள்ளைகள் தகரப் பெட்டியை நினைக்கிறார்கள். இது ஒரு ஆள் கைகால் நீட்டிப் படுக்கிற நீளம். உடம்பு அயினி மரப் பலகை, முகப்பு கருத்த ஈட்டி மரம். முகப்பு நெடுக அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். நடுவில் பித்தளைப் பூட்டு, அதைச் சுற்றித் தாமரை இதழ். அடிப்பலகை நாலு விரல் கனம். யானைக் காலைப் போல உருண்ட கால்கள். எந்தக் காலத்தில் யார் செய்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அறைக்குள் வைத்துத்தான் செய்திருக்க வேண்டும், ஏனென்றால் அறை வாசலைவிட அது பெரியது.

அம்மைக்கு அந்தப் பெட்டகம் எதற்கு அவ்வளவு முக்கியம் என்று சொன்னால்தான் மற்றது புரியும். நாஞ்சில் நாட்டில் எங்கள் குடும்பங்களில் அப்போது மருமக்கள் வழி. ஒருவன் செத்தால் அவன் சொத்து அவன் பெற்ற பிள்ளைகளுக்கு வராது, அவனுடைய சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். என் அப்பா இறந்தபோது நான் பாவாடை கட்டிய சிறுமி. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்த கையோடு அப்பாவின் மருமக்கள் வந்து நெல்லறையைப் பூட்டினார்கள். அழுகை ஓயவில்லை, சாவி கைமாறிவிட்டது. அம்மை என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே எல்லாச் சாவியும் பெரிய மாமாவின் அரைஞாணில். அவர் அம்மையின் அண்ணன், குடும்பத்தை நடத்துகிற காரணவர். நெல் வேண்டுமென்றால் அவரிடம் கேட்க வேண்டும். எண்ணெய்க்கு, புளிக்கு, தேங்காய்க்குக்கூட வாசலில் நின்று, "அண்ணன், சாவி" என்று கேட்க வேண்டும். அவர் வெற்றிலையை மென்று முடிக்கிற வரை நிற்க வேண்டும். வளர்ந்த பெண், பிள்ளை பெற்றவள், தேங்காய்க்கு நிற்பாள். எனக்கு அந்த வயதிலேயே வயிறு எரியும்.

பெட்டகத்தின் சாவி மட்டும் அம்மையின் இடுப்பில். அது பெண்களின் உடைமை என்று ஒரு பழக்கம் இருந்தது. வீட்டோடு இருக்கிற பெண் யாரோ அவள் அதைப் பூட்டித் திறப்பாள், ஆண்கள் கேட்க மாட்டார்கள். அம்மையின் கல்யாணச் சேலை, அப்பாவின் நேரியல் துண்டு, என் பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் அதற்குள். ராத்திரி அதன் மூடியின்மேல்தான் பாயை விரித்துப் படுப்பாள். வருஷத்துக்கொருமுறை முந்திரித்தோட்டு எண்ணெயைத் தடவி, கை தோல் உரிந்து, ஒரு வாரம் சோற்றைக் கரண்டியால் தின்பாள். அந்த வீட்டில் யாரிடமும் கேட்காமல் அவள் திறக்கக் கூடியது அது ஒன்றுதான்.

பிறகு புதுச் சட்டம் வந்தது. மருமக்கள் வழி ஒழிந்தது, இனி அவரவர் பங்கு அவரவர் பிள்ளைக்கு என்றார்கள். ஊரெல்லாம் பாகப்பிரிவினை. ஒரு வீடு பாக்கியில்லாமல் அளவுக்கயிறும் சண்டையும். அப்பா வீட்டில் பழைய சட்டத்தால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே புதுச் சட்டத்தால் இருந்த இடமும் போயிற்று. எந்தச் சட்டம் வந்தாலும் மூட்டை கட்டுவது என் அம்மைதான். நல்ல நியாயம்!

நாலு பங்கு. பெரிய மாமா, அம்மையின் தம்பியான சின்ன மாமா, அக்காளான பெரியம்மை, அம்மை. வீடு பெரிய மாமாவுக்கு என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். எங்களுக்குத் தோப்பின் தெற்கு மூலையில் ஒரு சின்ன ஓட்டு வீடும் கொஞ்சம் வயலும். பேச்சு நடந்த அன்று அம்மை கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள்.

"எனக்கு உள்ள வயலையும் நீங்களே வச்சுக்கிடுங்கோ அண்ணன். பெட்டகத்தை மட்டும் முழுசாத் தாருங்கோ. வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் செய்த பிழை அதுதான் என்று ஊரில் பின்னால் சொன்னார்கள். பிழையாம்! வாய்திறந்து ஒன்றே ஒன்று கேட்டது பிழை. வயலை விட்டுவிட்டு மரப்பெட்டி கேட்கிறாள் என்றதும் சின்ன மாமாவின் கண் சுருங்கியது.

"அதென்ன, வயலு வேண்டாம், பெட்டகம் வேணும்? உள்ளுக்கு என்னமோ இருக்கு, கேட்டியளா?"

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டால் அதற்குள் பொன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்குக் கேட்பார்கள்? அப்படியொரு மூளை. அம்மை பெட்டகத்தைத் திறந்துபோட்டாள். சேலையை உதறிக் காட்டினாள். அப்பாவின் நேரியலையும் உதறச் சொன்னார் சின்ன மாமா. அவள் உதறினாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு அவர் தலையில் எதையாவது போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகும் சந்தேகம் போகவில்லை. "நமக்குக் காட்டுத எடத்துலயா வச்சிருப்பா?" என்றாள் பெரியம்மை. சொந்த அக்காள்.

மத்தியஸ்தத்துக்குக் குழித்துறையிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்கள். கோர்ட்டில் குமஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஆனால் அது இருந்தது குலதெய்வ விளக்கு எரிகிற அறை. அங்கே வெளியாள் காலெடுத்து வைக்கக் கூடாது. சொத்தைப் பிரிக்க வந்தவரானாலும் கூடாது. அப்படியானால் யாராவது அளவோடு படம் போட்டுக் கொண்டுவாருங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

படம் போடத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்திதான். நாகர்கோவிலில் மிஷன் வேதக்காரர் நடத்தின பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுப்பார்கள். பின்னுவதற்கு முன்னால் மாதிரியைத் தாளில் வரைய வேண்டும், ஒரு இழை தப்பினாலும் டீச்சரம்மா தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் பெட்டகத்தையும் வரைந்தேன்.

எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. வாசல் வழியாக முழுசாக வெளியே வராது, அதனால் தர முடியாது என்று பெரிய மாமா ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளபடி அந்தப் பெட்டகத்தில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மர ஆணி. தட்டிக் கழற்றி, பலகை பலகையாக வெளியே எடுத்து, வேறு வீட்டில் மறுபடி பூட்டலாம். வருஷா வருஷம் எண்ணெய் தடவுகிற அம்மைக்கு அது தெரியும். படத்தில் அதைத் தெளிவாகக் காட்டிவிட்டால் பெட்டகம் அம்மைக்கு வந்துவிடும் என்று நான் நம்பினேன்.

அம்மை விளக்கைத் தூக்கிப் பிடிக்க, நான் தரையில் படுத்துக்கொண்டு அடிப்பாகத்தை வரைந்தேன். பெட்டகத்தின் நீளத்தைச் சாணால் அளந்தேன், அடிப்பலகையின் கனத்தை விரலால் அளந்தேன். பலகையும் பலகையும் விரல் கோத்ததுபோல் சேருகிற மூலைகளைத் தனியாகப் பெரிதுபண்ணிப் பக்கத்தில் போட்டேன். அன்னங்களில் கடைசி அன்னம் மட்டும் திரும்பிப் பார்க்கும். செய்தவனுக்கு என்ன தோன்றியதோ. அதையும் போட்டேன். பூட்டின் இதழ்களில் ஒன்று தேய்ந்து மழுங்கியிருக்கும், சாவியை இடுப்பிலிருந்து எடுக்காமலே குனிந்து திறக்கிற பெண்களின் வளையல் உரசி உரசித் தேய்ந்தது. அதையும் விடவில்லை.

படம் முடிந்ததும் அம்மை வெகுநேரம் பார்த்தாள். பின்மூலையில் எலி கடித்த பள்ளத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஏட்டி, இந்த எலி கடிச்சதையுமா போட்டிருக்கா?"

"இருக்கதைப் போட்டேன்."

"நான் இல்லாம இதை ஆரும் கண்டதில்ல, மக்கா" என்றாள். சிரித்தாள். அந்தப் படத்துக்கு உண்மையில் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் சப்புக்கொட்டல்.

படத்தை முன்கூடத்துக்குக் கொண்டுபோனேன். குழித்துறைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆகா! பாருங்கோ, அன்னத்துக்க இறகைக் கூட எண்ணிடலாம் போல. ஆரு போட்டது, இந்தப் பிள்ளையா? கொள்ளாமே!"

"நம்ம மருமகளாக்கும்" என்று பெரிய மாமா நெஞ்சை நிமிர்த்தினார். அதுவரை என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. தாள் கைமாறிக் கைமாறிப் போயிற்று. நிழல் விழுந்திருக்கிற அழகைப் பார்த்தீர்களா என்றார் ஒருவர். கையை வைத்தால் திறக்கும்போல் இருக்கிறது என்றார் இன்னொருவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூலை எப்படிக் கழலும் என்று விளக்கிச் சொன்னேன். "தட்டினா கழண்டு வந்திடும். வாசல் வழியாக் கொண்டு போயிடலாம்" என்றேன்.

"ஓஹோ! பிரிக்க முடியும்!" என்றார் குழித்துறைக்காரர். "அப்போ பிரச்சினையே இல்லையே. பங்கு வச்சிடலாம்."

சேர்த்து வைப்பதற்காக நான் காட்டியதை இவர்கள் பிரிப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள்! பலகை பலகையாகக் கொடுத்தால் ஒருவருக்கு ஈட்டியும் ஒருவருக்கு அயினியும் போய்விடும், அது சமபங்கு ஆகாது என்று ஒருவர் சொன்னார். அப்போது சின்ன மாமா என் படத்தின் அடிப்பாகத்தில் நகத்தை வைத்தார்.

"இந்தப் பலகைக்கு இம்புட்டுக் கனம் என்னத்துக்கு? ஒரு பெட்டிக்கு நாலு விரக்கடை அடிப்பலகை எங்கயாவது உண்டா? உள்ளுக்குப் பொள்ளையாக்கும்."

உள்ளே கூடு என்று அர்த்தம். எல்லோருடைய கண்ணும் என் கோட்டின்மேல். நான் விரலால் அளந்து போட்ட கோடு. "அது மரம். முழு மரம். அம்மை தட்டிப் பாத்திருக்கா" என்று கத்தினேன். "நீ சும்மா கெட, ஏட்டி" என்றார் பெரிய மாமா. மருமகள் என்று நெஞ்சை நிமிர்த்திக் கால் நாழிகைகூட ஆகவில்லை.

குழித்துறைக்காரர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். படத்தின்மேல், மேலிருந்து கீழே, மூன்று கோடு இழுத்தார். மூடி, முகப்பு, அடிப்பலகை எல்லாம் சேர்த்து நாலு துண்டு. ஈட்டியும் சமம், அயினியும் சமம், அடிப்பலகைக்குள் என்ன இருந்தாலும் அதுவும் சமம். நடுக்கோடு பூட்டின்மேல் விழப் பார்த்தது. பித்தளையில் பட்டால் அறுக்கிற வாளின் பல் போய்விடும் என்று கொஞ்சம் தள்ளிப் போட்டார். அவ்வளவு அக்கறை அவருக்கு, வாளின்மேல்! அன்னங்களில் ஒன்றுக்குக் கழுத்து ஒரு பங்கிலும் உடம்பு மறு பங்கிலுமாகப் போயிற்று.

"படம் இருந்ததுனால சோலி எளுப்பமாப் போச்சு" என்று, வேலை சுலபமானதற்காக என் தலையைத் தடவினார். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன். அதற்கு அம்மைக்குத்தான் வசவு விழுந்தது, பிள்ளையை வளர்த்த லட்சணம் என்று.

அம்மை ஒருமுறை கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை, கூடத்து நடுவில் வந்து நின்று கேட்டாள். "அறுக்காண்டாம் அண்ணன். நீங்க வேணுமானா முழுசா வச்சுக்கிடுங்கோ. எனக்கு வேண்டாம். அறுக்க மட்டும் செய்யாதீங்கோ."

அதுதான் அவர்களுடைய சந்தேகத்தை உறுதியாக்கியது. பார்த்தாயா, அறுக்கக் கூடாதாம் என்றார்கள்.

வெளியாள் காலெடுத்து வைக்கக் கூடாத அந்த அறைக்குள் மறுநாள் இரண்டு ஆசாரிகளைப் பெரிய வாளோடு ஏற்றினார்கள். விளக்கை மட்டும் எடுத்து வெளியே வைத்தார்கள், தெய்வம் பார்க்கக் கூடாதே. கழற்றிக்கூட அறுக்கவில்லை, நின்றபடியே அறுத்தார்கள். மரம் இறுகிக் கிடந்தது. ஆசாரிகள் வாளைத் திட்டினார்கள், மரத்தைத் திட்டினார்கள், கஞ்சி வரவில்லை என்று எங்களையும் திட்டினார்கள். அடிப்பலகை பிளந்ததும் சின்ன மாமா மண்டியிட்டு உட்கார்ந்து விரலை விட்டுத் துழாவினார். உள்ளே மரம். நாலு விரல் கனத்துக்கும் மரம். மறு கோட்டிலும் மரம். மூன்றாவது கோட்டை அறுக்காமலாவது விட்டார்களா? அதுவும் இல்லை. பங்கு பங்குதானே!

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பூட்டு இருந்த துண்டு சின்ன மாமாவுக்கு, மற்ற நடுத்துண்டு பெரியம்மைக்கு. பெரிய மாமாவுக்கு இடது ஓரம், ஒரு பக்கப் பலகையும் முன்னும் பின்னும் இரண்டு காலும். அம்மைக்கு வலது ஓரம், திரும்பிப் பார்க்கிற அன்னமும் எலி கடித்த மூலையும். சாவியை யாரும் கேட்கவில்லை. அது அம்மையின் இடுப்பிலேயே இருந்தது. படத்தையும் யாரும் கேட்கவில்லை. தரையில் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

சின்ன மாமாவின் வீட்டில் பூட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு மரத்தை நெல் அவிக்க எரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். பெரிய மாமாவின் துண்டு மாட்டுத் தொழுத்தில் வைக்கோலுக்கு அண்டையாகக் கிடந்தது, நானே கண்ணால் பார்த்தேன். அம்மை தன் துண்டைப் புது வீட்டின் அடுக்களைச் சுவரில் சாத்தி வைத்தாள். எதற்கும் உபயோகிக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

வருஷங்கள் போயின. நான் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தேன். நாகர்கோவிலில் ஒரு வாடகை வீட்டில் அம்மையும் நானும் இருந்தோம். படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்ட வேண்டும் என்று அம்மை பிடிவாதம் பிடித்தாள். சிவப்புக் கோட்டை ரொட்டித் துண்டால் அழித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "அது கெடக்கட்டு" என்று சொல்லிவிட்டாள்.

ஒருநாள் பெரிய மாமா வந்தார். தலை நரைத்து, கையில் ஊன்றுகோல், ஒரு ஓலைப்பெட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம். அவர் முன்கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தார். மகனுக்குப் பெண் பேச மார்த்தாண்டத்திலிருந்து பெரிய இடத்து ஆட்கள் வரப் போகிறார்களாம். உட்கார்ந்ததிலிருந்து அவர் கண் சுவரிலேயே இருந்தது.

"கொள்ளாம்... கொள்ளாம். இப்பப் பாக்கச்சில தான் தெரியுது, என்ன ஒரு வேலைப்பாடு! அந்தப் பூட்டைப் பாரு. அந்த எதளைப் பாரு. இந்த மாதிரி சாமான் இன்னி எவன் செய்வான்? நம்ம பெட்டகமாக்கும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளபடியே கண்ணீர். நம்ம பெட்டகமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன், அம்மை பார்வையாலேயே தடுத்தாள்.

"என்ன செய்யணும் அண்ணன்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இந்தப் படத்தை நம்ம முன்கூடத்துல மாட்டினா ஒரு அந்தஸ்தா இருக்கும். குடும்பத்துக்க ஓர்மைக்கு. வாறவன் போறவன் பாப்பான் இல்லியா?"

அம்மை எழுந்து படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். கொடுத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணாடிச் சட்டத்தின் பின்பலகையைக் கழற்றித் தாளை உருவி எடுத்தாள். என் லேஸ் கூடையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் சிவப்புக் கோட்டின்மேல் வெட்டத் தொடங்கினாள். ஒரு இழை பிசகாமல், மேலிருந்து கீழே.

"ஏட்டி, என்ன செய்யுதா? கிறுக்குப் பிடிச்சுப் போச்சா?"

அம்மை மற்ற இரண்டு கோட்டையும் வெட்டினாள். வெட்டி முடித்து இடது ஓரத்துத் துண்டை அவரிடம் நீட்டினாள்.

"இந்தாருங்கோ, உங்க பங்கு. தம்பிக்கும் அக்காளுக்கும் சொல்லிவிடுங்கோ, வந்து வாங்கிக்கிடட்டு."

அவர் வாங்கினார். வாங்கினாரே, அதைச் சொல்லுங்கள்! வாங்கி, மூக்குக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு ஓரத்துப் பலகை, முன்னால் ஒரு கால், அதற்குப் பின்னால் இன்னொரு கால், இரண்டு அன்னம்.

"இதுல பூட்டு இல்லையே" என்றார்.

அம்மை மடியில் கிடந்த தாள் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தாள். இடுப்பில் பெட்டகத்தின் சாவி ஆடியது.

"எனக்கும் வரல்ல அண்ணன்."

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். துண்டைக் கொண்டுபோய்விட்டார். முந்திரிக்கொத்தை நான் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டேன்.